உலுவாட்டு குகைக்குக் குறி வைக்காதீர்கள்

பாலித் தீவின் உலுவாட்டுவில் சர்ஃபிங் முடித்துக் கரை திரும்பும்போது, கடலிலிருந்து கரையேறும் வழியான குகையின் வாயிலை நோக்கி நேராக வராதீர்கள். கரையைப் பார்த்தபடி இருந்தால் வலப்பக்கம், அதாவது கோயில் இருக்கும் திசையில், வாயிலைத் தாண்டி நன்றாகத் தள்ளி ஓர் இடத்தைக் குறி வைத்துப் பலகையில் படுத்தபடி கைகளால் துழாவி வாருங்கள்.

இங்கே அலை இடப்புறமாக உடைந்துகொண்டே போகும். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் நீரோட்டமும் அதே போக்கில் பாறைச்சுவரை ஒட்டி, பக்கத்துக் கடற்கரையான பாடாங் பாடாங் பக்கமாக இழுக்கும். வலப்பக்கம் தள்ளிக் கிளம்பினால் அந்த இழுப்பே உங்களைக் குகைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். நேராக வந்தால் வாயில் கண்ணெதிரே கடந்து போய்விடும். அப்புறம் நீரோட்டத்தை எதிர்த்துக் கை ஓய்வதைவிட, மறுபடி அலைகளுக்கு வெளியே போய்ச் சுற்றி வருவதுதான் நல்லது. கடைசி அலைக்குப் பிறகு கையில் கொஞ்சம் தெம்பு மிச்சம் வைப்பது இதற்காகத்தான்.

நீர் நன்றாக வற்றியிருந்தால் இந்தக் கணக்கு வேண்டாம். குகை முன்னால் மணலும் பவளப்பாறையும் வெளியே தெரியும். கடல் முள்ளெலி (முள் நிறைந்த உருண்டையான கடல் உயிரி) மேல் கால் படாமல் மெல்ல நடந்தே ஏறிவிடலாம். இழுப்பு எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது என்பதால், இறங்குமுன் மேலே உள்ள கடைகளிலிருந்து நாலு பேர் எப்படித் திரும்புகிறார்கள் என்று பாருங்கள். அலை பெரிதாக இருக்கும் நாளில், புதிதாகக் கற்பவர்கள் மேலேயே நின்று பார்ப்பதோடு சரி.