மீட்டரில் நார்மல், ஹெச்பிஏ1சி மட்டும் 6.9

அம்மாவுக்கு வீட்டு மீட்டரில் வெறும் வயிற்றில் 95, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 130. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி மட்டும் 6.9. அது 6.5 வந்தாலே சர்க்கரை நோய்க் கணக்கு. ஸ்ட்ரிப் மாற்றினோம், லேப் மாற்றினோம், எண் அசையவில்லை.

அதே ரிப்போர்ட்டின் அடுத்த பக்கத்தில் ஹீமோகுளோபின் 8.7, சிவப்பணுவின் சராசரி அளவான எம்சிவி 68, இரண்டும் குறைவு. அதை டாக்டரிடம் காட்டினேன். ஹெச்பிஏ1சி அளப்பது சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையை. இரும்புச்சத்து குறைந்தால், சர்க்கரை கூடாமலே எண் ஏறலாமாம். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் குறைவு. சிவப்பணுவைச் சாராத, ரத்தப் புரதத்தில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் ஃப்ரக்டோசமைன் டெஸ்ட் பார்த்தோம், நார்மல். அப்பாடா!

இரும்பு மாத்திரையில் ரத்தம் தேறிய பிறகு ஹெச்பிஏ1சி 5.9. மாத்திரை தொடங்கியதும் அவசரப்பட்டு ஹெச்பிஏ1சி பார்க்காதீர்கள். புது அணுக்கள் பெருகும்போது எண் பொய்யாக இறங்கிக் காட்டும்.