"அங்கீகாரம் இருக்கா?" என்று மட்டும் கேட்டால் போதாது: ஆன்லைன் பட்டப்படிப்பில் சேரும்போது செய்யும் தவறுகள்

போன வருடம் என் அத்தை மகள் ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பி.காம். மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்றிதழ், கட்டணம் கட்டிய ரசீதுகள் என எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். வேலைக்குத் தேர்வாகிவிட்டாள், ஆனால் சான்றிதழ் சரிபார்ப்பில் நிறுத்திவிட்டார்கள். அவள் படித்த பல்கலைக்கழகம் போலி இல்லை. சட்டப்படி தொடங்கியது, கட்டடம் இருக்கிறது, தினமும் பிள்ளைகள் வகுப்புக்குப் போய் வருகிறார்கள். ஆனால் அவள் சேர்ந்த ஆண்டில் தொலைநிலைக் கல்வி நடத்த அதற்கு அனுமதி இல்லை. மூன்று வருட உழைப்பும் மூன்று வருடக் கட்டணமும் போயின. "அங்கீகாரம் இருக்கான்னு கேட்டேனே, இருக்குன்னுதானே சொன்னாங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவள் கேட்டது உண்மை. அவர்கள் சொன்ன பதிலும் ஒரு வகையில் பொய்யில்லை. சிக்கல் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. வெவ்வேறான மூன்று விஷயங்களுக்கு நாம் 'அங்கீகாரம்' என்ற ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். அந்த நிறுவனம் சட்டப்படி பல்கலைக்கழகம்தானா என்பது முதல் விஷயம். 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டம் அதைச் சொல்லும். நாடாளுமன்றச் சட்டத்தாலோ மாநிலச் சட்டத்தாலோ உருவான பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம் ஆகியவை மட்டுமே பட்டம் வழங்கலாம். இரண்டாவது, தரம். கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிட 1994-இல் தொடங்கப்பட்டு, பெங்களூரில் இருக்கும் நாக் (NAAC) அமைப்பு மதிப்பெண் போட்டுத் தரும் தரச்சான்று இது. மூன்றாவது, இந்தப் படிப்பை, இந்த முறையில், இந்த ஆண்டில் நடத்தலாம் என்ற அனுமதி. இதை யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தருகிறது, 'டெப்' (DEB) என்று சுருக்கிச் சொல்வார்கள். ஆன்லைனிலோ தொலைநிலையிலோ படிப்பவர் மூன்றையும் பார்க்க வேண்டும். ஏஜென்ட் முதல் இரண்டைக் காட்டிவிட்டு மூன்றாவதைப் பற்றிப் பேசாமல் போய்விடுவார்.

"நாக் ஏ++ வாங்கின யுனிவர்சிட்டி சார், கண்ணை மூடிட்டுச் சேரலாம்"

அதிகம் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாக் மொத்தம் நான்கு புள்ளிகளுக்கு மதிப்பெண் போடும். 3.51-உம் அதற்கு மேலும் வாங்கினால் ஏ++, 3.26 முதல் 3.50 வரை ஏ+, 3.01 முதல் 3.25 வரை ஏ. 1.50-உம் அதற்குக் கீழும் வாங்கினால் டி, அதாவது தரச்சான்று கிடையாது. இந்தச் சான்று பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். நுழைவாயில் பேனரில் இருக்கும் ஏ+ எந்த ஆண்டு வாங்கியது, இன்னும் செல்லுமா என்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நாக் பார்ப்பது முழு நிறுவனத்தை. ஆசிரியர்கள், ஆய்வு, நூலகம், நிர்வாகம் என எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மதிப்பெண் போடுகிறது. உங்கள் ஆன்லைன் பிபிஏ படிப்பை அது தனியாக எடுத்துப் பார்த்து முத்திரை குத்துவதில்லை. 2020 செப்டம்பரில் வந்த யுஜிசி ஒழுங்குமுறைப்படி, ஆன்லைன் படிப்பு நடத்த விரும்பும் பல்கலைக்கழகத்துக்கு நாக் மதிப்பெண் 3.01 இருக்க வேண்டும், அல்லது மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் முதல் நூறு பல்கலைக்கழகங்களுக்குள் வந்திருக்க வேண்டும். ஆக, நாக் மதிப்பெண் வாசல் வரை கொண்டுவந்து விடும், அவ்வளவுதான். அந்த வாசலைத் தாண்டி எந்தெந்தப் படிப்புக்கு அனுமதி கிடைத்தது என்பதை டெப் பட்டியலில்தான் பார்க்க முடியும்.

தரச்சான்று வழங்கும் முறையிலும் ஓட்டை இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2025 பிப்ரவரியில், ஆந்திராவில் ஒரு நிறுவனத்துக்கு நல்ல மதிப்பெண் போட லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக் குழுவினரையே சிபிஐ கைது செய்தது. அதனால் நாக் மதிப்பெண் வீண் என்று சொல்ல வரவில்லை. பார்க்க வேண்டிய பல விஷயங்களில் அதுவும் ஒன்று, அந்த அளவில் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

"யுஜிசி லிஸ்ட்ல பேர் இருக்கே"

பேர் இருப்பது நல்லதுதான். யுஜிசி போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் வெளியிடுகிறது. அதில் அதிகம் இருப்பது டெல்லியில். முதலில் அதைப் பாருங்கள். ஆனால் பல்கலைக்கழகம் உண்மையானது என்பதால் படிப்பும் செல்லும் என்று ஆகிவிடாது. இதற்குப் பெரிய உதாரணம் 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. நாட்டின் நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அஞ்சல்வழியில் பொறியியல் பட்டம் நடத்தியிருந்தன. அவற்றில் ஒன்று நம் சேலத்தில் இருப்பது. நான்குமே உண்மையான நிறுவனங்கள். ஆனால் அந்தப் படிப்பைத் தொலைநிலையில் நடத்த முறையான ஒப்புதல் இல்லை. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்களை நீதிமன்றம் நிறுத்திவைத்தது, தொழில்நுட்பக் கல்விக்கான அமைப்பான ஏஐசிடிஇ நடத்தும் தேர்வில் தேறினால்தான் மீட்க முடியும் என்றது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் ரத்தே ஆனது. பத்துப் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்து, பதவி உயர்வும் வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வயதில் இருந்தவர்கள் அந்தத் தேர்வை எழுத வேண்டியவர்கள். மறுபடி புத்தகத்தைத் தூக்க வேண்டியிருந்தது.

அதனால் படிப்பின் பெயரை முதலில் பாருங்கள். பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், பிசியோதெரபி, பார்மசி, நர்சிங், கட்டடக்கலை, சட்டம், விவசாயம், ஹோட்டல் மேனேஜ்மென்ட் போன்ற படிப்புகளுக்குத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பட்டம் வாங்கவே முடியாது. எம்.ஃபில்., பிஎச்.டி.க்கும் இதே கதைதான். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியல், மைக்ரோபயாலஜி, உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல் போன்றவையும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. "ஆன்லைன் எல்எல்.பி." என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால், அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைக்கூடப் படிக்க வேண்டாம். பி.எட். தொலைநிலையில் உண்டு, ஆனால் அதற்கு டெப் அனுமதியோடு ஆசிரியர் கல்விக்கான அமைப்பான என்சிடிஇயின் அனுமதியும் வேண்டும்.

"பக்கத்துத் தெருவுலேயே ஸ்டடி சென்டர் இருக்கு"

நம் ஊர்களில் இது மிகவும் சகஜம். ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில், வட மாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர்ப்பலகை தொங்கும். பலரும் கவனிக்காத விஷயம், தொலைநிலைக் கல்விக்கு எல்லை உண்டு என்பது. மாநிலப் பல்கலைக்கழகமும் தனியார் பல்கலைக்கழகமும் தன் மாநிலத்துக்கு வெளியே தொலைநிலைக்கான மையம் வைக்க முடியாது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் நாடு முழுக்க இயங்குகிறது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு எல்லை தமிழ்நாடு. ஆன்லைன் படிப்புக்கு இந்த எல்லை கிடையாது, எந்த மாநிலத்தில் இருந்தும் சேரலாம். ஆனால் ஆன்லைன் படிப்புக்கு மாடியில் ஒரு சென்டர் எதற்கு? பலகையைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

படிப்பையே இன்னொருவருக்குக் குத்தகைக்கு விடுவதையும் யுஜிசி தடை செய்திருக்கிறது. 2022 ஜனவரியில் யுஜிசியும் ஏஐசிடிஇயும், செயலி வழியாகப் பாடம் நடத்தும் எட்டெக் நிறுவனங்களின் பெயரில் நடக்கும் சேர்க்கை பற்றி எச்சரிக்கை விட்டன. அதே ஆண்டு அக்டோபரில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து எட்டெக் நிறுவனங்கள் தரும் ஆன்லைன் பிஎச்.டி. செல்லாது என்று இரண்டு அமைப்புகளும் சேர்ந்து அறிவித்தன. செயலியில் பாடம் ஓடலாம், ஆனால் பாடத்துக்கும் தேர்வுக்கும் பட்டத்துக்கும் பொறுப்பு பல்கலைக்கழகத்துடையதாக இருக்க வேண்டும். கட்டணம் ஏஜென்ட்டின் ஜிபே எண்ணுக்குப் போனால், பிறகு பல்கலைக்கழகம் "உங்கள் பெயரே எங்களிடம் இல்லை" என்று கைவிரித்துவிடும். என் அத்தை மகளின் ரசீதுகளில் பாதி அந்த மையத்தின் சொந்த ரசீதுப் புத்தகத்தில் எழுதியவை.

இன்னொன்றும் உண்டு, "ஒன் சிட்டிங்". எட்டாம் வகுப்பு படித்திருந்தால் போதும், ஒரே வருடத்தில் டிகிரி, பழைய வருடத் தேதியில் சான்றிதழ் என்பார்கள். இதைப் பற்றி விவாதிக்க ஒன்றுமே இல்லை. இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக மூன்று ஆண்டு. பழைய தேதியில் தரும் காகிதம் பட்டமே கிடையாது, குற்றம்.

"போன வருஷம் என் ஃபிரண்டு சேர்ந்தானே"

நண்பன் சேர்ந்த வருடம் அனுமதி இருந்திருக்கும், உங்கள் வருடத்தில் இல்லாமல் போகலாம். டெப் அனுமதி கல்வியாண்டைக் குறிப்பிட்டே தரப்படுகிறது, அதிலும் ஜனவரி-பிப்ரவரி சேர்க்கையா, ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆண்டைப் பொறுத்து மட்டுமல்ல, முறையைப் பொறுத்தும் அனுமதி மாறும். ஒரே பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ.வுக்குத் தொலைநிலையில் அனுமதி இருந்து ஆன்லைனில் இல்லாமல் இருக்கலாம்.

பார்ப்பது கடினமில்லை, பத்து நிமிட வேலைதான். யுஜிசி-டெப் இணையதளத்தில் ஆண்டையும் சேர்க்கைப் பருவத்தையும் தேர்ந்தெடுத்தால் பல்கலைக்கழகங்களின் பட்டியல் வரும். உங்கள் பல்கலைக்கழகத்தை அழுத்தினால் எந்தெந்தப் படிப்புக்கு அனுமதி என்று தெரியும். படிப்பின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். 'பி.காம்.' என்பதும் 'பி.காம். (கணினிப் பயன்பாடு)' என்பதும் வேறு வேறு. அதே அனுமதிக் கடிதத்தைப் பல்கலைக்கழகம் தன் இணையதளத்திலும் போட்டிருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமித்து, ஒரு பிரதி எடுத்துக் கோப்பில் வையுங்கள். சரிபார்ப்பு அதிகாரி கேட்கும்போது எடுத்து நீட்டலாம்.

2024 செப்டம்பரில் தொடங்கிய சேர்க்கையிலிருந்து மாணவரே டெப்-ஐடி எடுப்பது கட்டாயமாகியிருக்கிறது. முதலில் டிஜிலாக்கர் வழியாக ஏபிசி எண் (மாணவரின் கல்வி மதிப்பீட்டுப் புள்ளிகளைச் சேமிக்கும் கணக்கின் எண்), அப்புறம் டெப் தளத்தில் பதிவு, பிறகுதான் பல்கலைக்கழக விண்ணப்பம். நல்ல ஏற்பாடு. ஆனால் இதையும் "நாங்களே எடுத்துத் தர்றோம், ஆதார் நம்பர் மட்டும் சொல்லுங்க" என்று மையத்தில் கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள். உங்கள் கைபேசி எண்ணில், உங்கள் கையால் எடுங்கள். டெப்-ஐடியே வேண்டாம் என்று யாராவது சொன்னால், அங்கே சேர்க்கையே முறையாக நடக்கவில்லை என்று அர்த்தம்.

"யுஜிசி ஒத்துக்கிட்டா கவர்ன்மென்ட் வேலைக்கும் செல்லும்ல?"

பெரும்பாலும் செல்லும். முறையான அனுமதியோடு ஆன்லைனிலும் தொலைநிலையிலும் பெற்ற பட்டம் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022 செப்டம்பரில் மறுபடியும் தெளிவாகச் சொன்னது. ஆனால் தமிழ்நாட்டு அரசு வேலையை மனதில் வைத்திருப்பவர்கள் இன்னொரு படி தாண்ட வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்ற வரிசை இங்கே முக்கியம். பிளஸ் டூ எழுதாமல் திறந்தநிலையில் நேராக வாங்கிய பட்டத்தை 2009-ஆம் ஆண்டின் அரசாணைப்படி அரசுப் பணிக்கு ஏற்பதில்லை. இளநிலைப் பட்டம் இல்லாமல் நேராக எம்.ஏ. வாங்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டில் சொல்லியிருக்கிறது. படிப்பின் பெயர் அறிவிக்கையில் உள்ள பெயரிலிருந்து மாறியிருந்தால், சமானம் என்று ஓர் அரசாணையைக் காட்டச் சொல்வார்கள். சேரும் முன்பே நீங்கள் எழுதப்போகும் தேர்வின் பழைய அறிவிக்கை ஒன்றை எடுத்துக் கல்வித் தகுதிப் பகுதியை முழுதாகப் படித்துவிடுங்கள்.

வெளிநாட்டு ஆன்லைன் பட்டம் என்றால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். "சர்வதேசத் தரச்சான்று" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், அதைத் தந்த அமைப்பு யார்? 2015 மே மாதம் கராச்சியின் ஆக்ஸாக்ட் நிறுவனத்தைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் எழுதியது. இணையதளங்களாக மட்டுமே இருந்த நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்களையும் பள்ளிகளையும் அந்த நிறுவனம் நடத்திவந்தது. அவற்றுக்குச் சான்று தர, தரச்சான்று அமைப்புகளையும் அதுவே இணையத்தில் உருவாக்கி வைத்திருந்தது. அமெரிக்காவில் எந்தத் தரச்சான்று அமைப்பு உண்மையானது என்பதை அந்நாட்டுக் கல்வித் துறையின் தளத்திலும் சீயா (CHEA) என்ற அமைப்பின் தளத்திலும் பார்க்கலாம். சான்றில் இருக்கும் அமைப்பின் பெயரைத் தேடுபொறியில் போடாமல், அந்த இரண்டு தளங்களிலும் தேடுங்கள். போலி அமைப்பின் இணையதளமும் தேடுபொறியில் அழகாகத்தான் வரும்.

என் அத்தை மகள் இப்போது மறுபடியும் பி.காம். சேர்ந்திருக்கிறாள். இந்த முறை டெப் பக்கத்தை அவளே திறந்து, ஆண்டு, பருவம், முறை, படிப்பின் பெயர் என ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்கிலேயே கட்டினாள். பழைய ரசீதுகளோடு அந்த மையத்தின் மேல் நுகர்வோர் ஆணையத்தில் புகாரும் கொடுத்திருக்கிறாள். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.