உப்புக்காற்று அடிக்கும் ஊரில் செயற்கைப் பூக்களைச் சுத்தம் செய்யும் முறை

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கடலை ஒட்டிய ஊர்களில் குடியிருப்பவர்கள், அலமாரியின் மேல் வைத்த பிளாஸ்டிக் ரோஜாவையோ சாமி படத்துக்குப் போட்ட துணிமாலையையோ காய்ந்த துணியால் துடைத்துப் பார்த்திருப்பார்கள். தூசு போவதற்குப் பதிலாக இழுபட்டு, இதழின் மடிப்பில் சாம்பல் நிறக் கோடாக நின்றுவிடும். மதுரையில் இருக்கும் என் அக்கா வீட்டிலோ, இதே பூவை வாசலுக்குக் கொண்டுபோய் நாலு தட்டுத் தட்டினால் தூசு உதிர்ந்துவிடுகிறது. இங்கே உதிராததற்குக் காரணம் காற்றோடு வந்து படியும் கடலுப்பு. கடலுப்பில் சிறிதளவு கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு, காற்று ஓரளவு வறண்டிருக்கும்போதுகூட ஈரத்தை இழுத்துக் கசியும் தன்மை கொண்டது. அதனால்தான் இதழைச் சுட்டுவிரலால் தடவினால் பிசுபிசுக்கிறது. ஆகவே நம் ஊரில் தூசைத் தட்டினால் மட்டும் போதாது, உப்பைக் கரைத்து வெளியேற்ற வேண்டும்.

தொடங்குவதற்கு முன் பூ எதனால் ஆனது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முழுவதும் பிளாஸ்டிக் என்றால் தயங்காமல் கழுவலாம். துணிப்பூ என்றால், பின்பக்கம் மறைந்திருக்கும் ஓர் இலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். துணியில் சாயம் இறங்கினால் அந்தப் பூவை நனைக்கவே கூடாது. காகிதப் பூவுக்கு மெல்லிய பிரஷ் ஒன்றுதான் வழி.

கழுவ வேண்டியவற்றை முதலில் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், பெயின்ட் அடிக்கும் மெல்லிய பிரஷால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் தட்டிவிடுங்கள். பிறகு அரை வாளித் தண்ணீரில் சில சொட்டு ஷாம்பு விட்டுக் கலக்கிக்கொள்ளுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், இதழ்களைக் காம்போடு சேர்த்திருக்கும் பசை இளகிவிடும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். சாயத்தை வெளிறச் செய்துவிடும். காம்பு நனையாதபடி கையில் பிடித்து, பூவை மட்டும் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு மெதுவாக அலசினால், முதல் இரண்டு அலசலிலேயே தண்ணீர் கலங்கிப் பழுப்பாவதைக் காணலாம். மடிப்புகளில் ஒட்டியிருப்பதைக் குழந்தைகள் பல் துலக்கும் பிரஷால் எடுத்துவிடலாம்.

காம்பை ஏன் நனைக்கக் கூடாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அம்மாவின் படத்துக்குப் போட்டிருந்த வெள்ளைத் துணிமாலையை, நன்றாக ஊறட்டும் என்று எண்ணி இரவு முழுவதும் வாளியில் போட்டு வைத்திருந்தேன். காலையில் எடுத்தபோது, உள்ளே இருந்த இரும்புக் கம்பி துருப்பிடித்து, ஒவ்வொரு பூவின் அடியிலும் செம்பழுப்புக் கறை வட்டமாகப் பரவியிருந்தது. எலுமிச்சைச் சாற்றைத் தடவிப் பார்த்ததில் கறை மங்கியதே தவிர முழுவதும் போகவில்லை. 1914-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பையே அரித்த உப்புக்காற்று இது. பூவுக்குள் இருக்கும் மெல்லிய கம்பி எம்மாத்திரம்?

அலசும் தண்ணீரைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நம் பகுதியில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது. முதல் அலசலுக்கு அது பரவாயில்லை. ஆனால் கடைசி அலசலும் அதிலேயே என்றால், பூ காய்ந்த பிறகு இதழ்மேல் வெள்ளைப் படலம் பூத்துவிடும், கழுவிய பலனே இருக்காது. குழாயில் வரும் காவிரித் தண்ணீரையோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரையோ இரண்டு செம்பு ஒதுக்கிவைத்து, இறுதியாகப் பூவின்மேல் ஊற்றுங்கள். குடிதண்ணீரின் அருமை தெரிந்த ஊரில் இப்படிச் சொல்வதற்கு மனம் சங்கடப்படத்தான் செய்கிறது; அந்தத் தண்ணீரைக் கீழே ஒரு சட்டியில் பிடித்து அடுத்த கொத்தின் முதல் அலசலுக்கு வைத்துக்கொண்டால் வீணாகாது. பிளாஸ்டிக் பூவில் ஏற்கெனவே வெள்ளைப் படலம் இருந்தால், ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்துத் துணியில் நனைத்துத் துடைத்த பின் அலசலாம்.

நனைக்கக் கூடாத துணிப்பூக்களைப் பையில் கல்லுப்போடு போட்டுக் குலுக்கும் முறை பலரும் சொல்வதுதான். உப்புக் கற்கள் தூசை உரசி எடுப்பது உண்மையே. ஆனாலும் மடிப்புகளில் தங்கும் உப்புத்தூள் நம் ஊர்க் காற்றில் கசிந்து, ஒரு வாரத்துக்குள் முன்னைவிட அதிகமாகத் தூசைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், இங்கே அதைச் செய்ய வேண்டாம் என்பேன். அதற்குப் பதில் இரண்டு கைப்பிடி காய்ந்த பச்சரிசியைப் போட்டு, பையின் வாயைக் காம்போடு சேர்த்துப் பிடித்து, மெதுவாக ஒரு நிமிடம் குலுக்கினால் போதும். அந்த அரிசியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

கழுவிய பூக்களைக் கொடியில் கிளிப் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். உதிரிப் பூக்களைச் சுளகில் பரப்பலாம். உச்சி வெயில் சாயத்தை வெளுக்கும், பிளாஸ்டிக்கையும் நாளடைவில் நொறுங்கச் செய்யும். நிழலும் மின்விசிறியும் போதும். ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒரு முழுப்பகல் காயவிட்டு, அடிக்காம்பை அழுத்திப் பார்த்து, ஈரம் தட்டவில்லை என்றால் மட்டுமே சாடியில் வையுங்கள். மேற்குப் பக்கமிருந்து வீசும் கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும் மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது பிரஷால் தட்டிவிட வேண்டும். சன்னலுக்கு நேரே வைத்த சாடியை அந்த மாதங்களில் உள்சுவர்ப் பக்கம் நகர்த்திவிடுவதும் நல்லது.

திரும்ப வைப்பதற்கு முன், காம்பின் வெட்டுவாயில் கம்பி வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், மெழுகுவத்தியைச் சாய்த்து அதன்மேல் இரண்டு சொட்டு உருக்கிவிட்டு ஆறவிடுங்கள்.