உரிமையைத் துறக்கச் சொல்லும் பணி ஒப்பந்தத்தை வாசிப்பது எப்படி?

பணி நியமன ஆணையுடன் தரப்படும் ஒப்பந்தத்தில் "பணிக்கொடை (கிராஜுவிட்டி) கோரமாட்டேன்", "நீதிமன்றத்தை நாடமாட்டேன்" போன்ற வரிகளுக்குக் கீழே கையெழுத்திட்டுவிட்டதாலேயே, அந்த உரிமைகள் போய்விட்டன என்று யாரும் நம்ப வேண்டியதில்லை. இந்தியச் சட்டம் தொழிலாளிக்குக் கட்டாயமாக்கியிருக்கும் உரிமையைத் தனிப்பட்ட ஒப்பந்தத்தால் பறிக்க முடியாது.

ஆகவே வாசிக்கும்போது, ஒரு நிபந்தனை மறுப்பது நிறுவனம் விரும்பித் தரும் சலுகையையா, சட்டப்படி சேர வேண்டியதையா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். வீட்டிலிருந்து பணிபுரியும் வசதி முதல் வகை. குறைந்தபட்ச ஊதியம் இரண்டாம் வகை. தனக்குச் சேர வேண்டிய தொகையை ஊழியர் விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பே கூறுகிறது. பொதுவாக ஐந்தாண்டு பணிக்குப் பின், ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் சேரும் பணிக்கொடையும் இவ்வகையே.

வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்னும் தடை, 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. நீதிமன்றக் கதவை முற்றாக அடைக்கும் நிபந்தனையை 28ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் எந்த ஊர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம் என்று வரையறுக்கும் வரி செல்லுபடியாகலாம் என்பதால் அதைக் கவனமாக வாசியுங்கள். குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டுவதாக எழுதித்தரும் பாண்டுகள் எல்லாமே செல்லாதவை என்று எண்ணுவதும் தவறு: அப்படி முன்கூட்டியே விலகிய ஊழியரிடம் விஜயா வங்கி 2 லட்சம் ரூபாய் வசூலித்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது.

என் பார்வையில், இந்த நிபந்தனைகளைவிட ஆபத்தானது, பணம் கைக்கு வராமலே "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிய வவுச்சரிலோ வெற்றுத்தாளிலோ இடும் கையெழுத்துதான். உரிமையை விட்டுத்தருவதாக எழுதிய வரியைச் சட்டமே செல்லாததாக்கும். பணத்தைப் பெற்றதாக எழுதிய வரியோ உங்களுக்கு எதிரான சாட்சியமாகிவிடும், அது பொய்யென்று நிரூபிக்கும் சுமையும் உங்கள் மேலேயே விழக்கூடும். எனவே வங்கிக் கணக்கில் வந்த தொகையை மட்டும் எண்ணாலும் எழுத்தாலும் குறிப்பிட்டு, "மீதித் தொகைக்கான உரிமைக்கு உட்பட்டுப் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். நிறுவனம் அதை ஏற்க மறுத்தால், அன்றே மின்னஞ்சலில் ஆட்சேபத்தைத் தெரிவியுங்கள். ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு ஆகியவற்றின் நகல்களை வேலையில் இருக்கும்போதே எடுத்து வைத்துக்கொண்டு, நிலுவை வராவிட்டால் தாமதிக்காமல் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.