காலி இடம் இருக்கிறது என்பதற்காக அங்கே நூலகம் கட்ட வேண்டாம்

பெங்களூரில் ஒரு புதிய பொது நூலகம் பற்றிப் பேச்சு எழுந்தால், முதலில் வரும் கேள்வி "காலி இடம் எங்கே இருக்கிறது?" என்பதுதான். பெரும்பாலான தவறுகள் இங்கிருந்துதான் கிளைவிடுகின்றன. அந்த நூலகத்துக்கு யார் நடந்து வரப்போகிறார்கள், எந்தத் தெரு வழியாக வருவார்கள் என்று முதலில் கேட்டால், தேர்வாகும் இடமே வேறாக இருக்கும்.

பிடிஏ (பெங்களூர் வளர்ச்சி ஆணையம்) லேஅவுட்களில் பொது வசதிகளுக்கென்று குறைந்தது 10 சதவீத நிலத்தை ஒதுக்க வேண்டும் என்பது சட்டம். 'சிஏ சைட்' (சிவிக் அமெனிட்டி சைட்) என்று நாம் சொல்வது அதைத்தான். ஆனால் மர்ஃபி டவுன், ஸ்ரீராம்புரம், லிங்கராஜபுரம் மாதிரி தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் பழைய பகுதிகள் பிடிஏ லேஅவுட்களாக உருவானவை அல்ல. அங்கே காலி சைட்டுக்கு எங்கே போவது? ஆகவே காலி நிலத்தை மட்டும் தேடினால், வீட்டுக்கு வீடு கார் நிற்கும் லேஅவுட்டுக்கே நூலகம் போகும். பிள்ளைக்குப் படிக்க ஒரு மேசைகூடப் போட இடமில்லாத வீடுகள் இருக்கும் தெருவுக்கு வராது. சொத்து வரியோடு 6 சதவீத நூலக வரியை ஊரே கட்டுகிறது. வாடகைக்கு இருப்பவரும் வாடகை வழியாக அதைச் சுமக்கிறார். பழைய பகுதிகளில் மாநகராட்சிக் கட்டடங்கள், பிள்ளைகள் குறைந்துபோன அரசுப் பள்ளிகளின் வகுப்பறைகள் எவை சும்மா கிடக்கின்றன என்று பார்க்க வேண்டும். தொலைவில் இருக்கும் பெரிய மாளிகையைவிடப் பக்கத்துத் தெருவில் இருக்கும் இரண்டு அறை மேல்.

அடுத்த தவறு, பெருமைக்காக இடம் பார்ப்பது. கப்பன் பூங்காவில் 1915-இல் திறந்த சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம் எனக்கும் பிடித்த கட்டடம். அங்கே இயங்கும் மாநில மத்திய நூலகத்துக்கு அது பொருத்தமான இடம்தான். ஆனால் அதைச் சுற்றி மரங்களும் அரசு அலுவலகங்களும்தான் இருக்கின்றன, வீடுகள் இல்லை. அதையே மாதிரியாக வைத்து ஒவ்வொரு பேட்டையிலும் பூங்காவுக்குள் நூலகம் கேட்பது சரியாக வராது. பூங்காக்களையும் திறந்த வெளிகளையும் காக்க 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வழக்கு வந்தால் வேலை வருடக்கணக்கில் நின்றுவிடும். டெல்லிப் பொது நூலகத்தை 1951-இல் பழைய டெல்லி ரயில் நிலையத்துக்கு எதிரே தொடங்கினார்கள். சந்தடியான இடம்தான், ஆனால் ஜனங்கள் எப்படியும் வந்துபோகும் இடம். சீர்காழியில் பிறந்து 1972-இல் பெங்களூரில் காலமான நூலக அறிவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் முதல் விதியே, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதுதான்.

வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டு "இத்தனை பேருக்குப் பக்கம்" என்று கணக்குச் சொல்வதையும் நம்ப வேண்டாம். பழைய மெட்ராஸ் சாலை குறுக்கே வந்தால், இருநூறு மீட்டர் தொலைவுகூட ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு எட்டாத தூரம். பள்ளி விடும் நேரத்தில் ஒரு முறை, விளக்கு வைத்தபின் ஒரு முறை, உத்தேச இடத்துக்கு நடந்து பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, நடைபாதை இருக்கிறதா, வழியில் ஒயின் ஷாப் இருக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். 2023 ஜூன் முதல் சக்தி திட்டத்தில் மாநிலத்துப் பெண்களுக்கு அரசு பஸ்ஸில் கட்டணம் இல்லை. பஸ் நிறுத்தத்தை ஒட்டி நூலகம் அமைந்தால், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் கைக்காசு செலவில்லாமல் வந்து போகலாம்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது தண்ணீர். இந்த ஊரில் காலியாகக் கிடக்கும் தாழ்ந்த நிலம் ஏன் காலியாகக் கிடக்கிறது என்று விசாரிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. இன்றைய கண்டீரவா அரங்கம் இருக்குமிடம் ஒரு காலத்தில் சம்பங்கி ஏரி. மெஜஸ்டிக் பஸ் நிலையம் தர்மாம்புதி ஏரி. மேலே என்ன கட்டினாலும் மழைநீர் பள்ளத்தைத் தேடித்தான் ஓடும். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், யெமலூர் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நனைந்த புத்தகத்தில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். அப்புறம் பக்கங்களைப் பிரிப்பதே கஷ்டம். பழைய கிராம வரைபடத்தை வாங்கி, ராஜகாலுவே என்னும் பெரிய மழைநீர்க் கால்வாய் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். அந்தத் தெருவில் நெடுநாள் கடை வைத்திருப்பவரிடம், மழைக்குத் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும் என்று கேளுங்கள். எந்த இடமானாலும் தரைக்குக் கீழே உள்ள தளத்தில் புத்தகம் அடுக்கும் திட்டம் வேண்டவே வேண்டாம்.

மார்க்கெட் காம்ப்ளெக்ஸின் இரண்டாவது மாடி சும்மா இருக்கிறதே, அங்கே வைக்கலாம் என்பார்கள். புத்தக எடையை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. இந்தியத் தர விதிப்படி வீட்டு அறைக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமை தாங்கும் தளம் போதும். புத்தக அடுக்கு அறைக்குக் குறைந்தது 600 கிலோ வேண்டும். பொறியாளரின் சான்று இல்லாமல் அலமாரி ஏற்றுவது ஆபத்து. லிஃப்ட் இல்லாவிட்டால் முழங்கால் வலியோடு நாளிதழ் படிக்க வரும் பெரியவர்கள் கீழேயே நின்றுவிடுவார்கள்.

அல்சூர் ஏரிப் பக்கம் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் இன்னொன்றும் அங்கேயே வர வேண்டும் என்று கேட்பதைவிட, எதுவுமே இல்லாத பகுதிக்குக் கேட்பது நியாயம். சாலை அகலப்படுத்தும் கோடு அந்த மனை வழியே போகிறதா என்பதையும் மாஸ்டர் பிளானில் பார்த்துவிடுங்கள். இதையெல்லாம் டெண்டர் விடுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்க வேண்டும்; டெண்டர் விட்டபின் இடத்தை மாற்ற யாரும் சம்மதிப்பதில்லை.