ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பணி அறிமுக நிகழ்ச்சி: சிறப்புத் தேவை உள்ள மாணவரும் கையால் செய்ய

வருகையாளர் ஒருவர் தன் வேலையைப் பற்றிப் பேசுவார். பிறகு மாணவர்கள் குழுவாக ஒரு மின்சுற்று செய்வார்கள். அதில் சக்கர நாற்காலியில் வரும் மாணவிக்குக் குறிப்பெடுக்கும் வேலை, பேசத் தயங்கும் மாணவனுக்குப் பொருள் எடுத்துக்கொடுக்கும் வேலை. அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். சுற்றைத் தொடாத பிள்ளைக்கு 'இந்த வேலை எனக்கும் வரும்' என்று எப்படித் தோன்றும்?

எதைக் கற்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். விளக்கு எரிவது நோக்கமல்ல. சுற்று எங்கே அறுந்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம். அப்படியானால் எல்இடிக்குப் பதில் வேறு பொருளும் வைக்கலாம்.

பார்வையில்லாத மாணவருக்கு 3 வோல்ட் பஸ்ஸர் (மின்சாரம் பாய்ந்தால் ஒலிக்கும் சிறு கருவி) கொடுங்கள். 'ஆக்டிவ்' வகையாகப் பார்த்து வாங்குங்கள். 'பாஸிவ்' வகை பேட்டரியில் இணைத்தால் ஒரு 'டிக்' சத்தத்தோடு நின்றுவிடும், மாணவர் தான் தப்பாக இணைத்ததாக நினைத்துக்கொள்வார். நேர்முனைக் கம்பியில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால் விரலே கண்டுபிடித்துவிடும். சத்தம் தாங்காதவருக்கும் காது கேளாதவருக்கும் சிறிய அதிர்வு மோட்டார் சரியாக இருக்கும்.

பொருளை வாயில் வைக்கும் பழக்கம் இருந்தால் பட்டன் பேட்டரி கூடவே கூடாது. உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே கடும் புண் உண்டாகலாம். மூடியுள்ள பெட்டியில் இரண்டு ஏஏ பேட்டரி போட்டுக் கொடுங்கள். அப்போது சிவப்பு எல்இடியோடு 100 ஓம் மின்தடை சேர்க்க மறக்காதீர்கள். பட்டன் பேட்டரியின் உள்தடையே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். ஏஏ அப்படிச் செய்யாது, எல்இடி கருகிவிடும்.

கம்பிகளை இணைக்கும் முதலைக் கிளிப்பை அழுத்த விரல்பலம் இல்லையா? உப்பு கலந்து பிசைந்த மாவில் இரண்டு உருண்டை செய்து, எல்இடியின் ஒரு காலை ஒன்றிலும் மற்றதை அடுத்ததிலும் குத்தி, பேட்டரிக் கம்பிகளையும் அப்படியே செருகலாம். உருண்டைகள் ஒட்டிக்கொண்டால் மின்சாரம் குறுக்கே ஓடி விளக்கு அணையும். பிழை தேட அருமையான பயிற்சி அது.

மேசைக்கு அடியில் சுமார் 70 செ.மீ. காலி உயரம் இருந்தால் சக்கர நாற்காலி உள்ளே நுழையும். பொருள்கள் நழுவாதபடி விளிம்புள்ள தட்டில் வையுங்கள்.

வருகையாளரின் படம், அறையின் படம், நிகழ்ச்சி வரிசை மூன்றும் அடங்கிய ஒரு தாளை ஒரு வாரம் முன்பே கொடுங்கள். ஆட்டிசம் உள்ள பல மாணவருக்கு அன்றைய பதற்றம் இதனால் குறையலாம். சைகைமொழிபெயர்ப்பாளருக்கும் கலைச்சொற்கள் அப்போதே போய்ச் சேரட்டும்.

வருகையாளரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். பொருளைக் காட்டும்போது பேச்சை நிறுத்த வேண்டும். காது கேளாத மாணவரால் பொருளையும் மொழிபெயர்ப்பாளரின் கைகளையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ண வேண்டும்.

முன்மாதிரி சொல்வதானால் வேலையின் முறையைச் சொல்லுங்கள். பார்வையை இழந்த வானியலாளர் வாண்டா தியாஸ்-மெர்செத் விண்வெளித் தரவுகளை ஒலியாக மாற்றிக் கேட்டு ஆராய்கிறார். அதையே செயல்பாடாக்கலாம்: ஒரு வரைபடத்தில் மதிப்பு ஏறும்போது சுருதியையும் ஏற்றி ஒலிக்கச் செய்து, உச்சம் எங்கே வந்தது என்று வகுப்பு முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள்.