பாராலீகல் சான்றிதழ்: சேருமுன் போட வேண்டிய கணக்கு

அமெரிக்காவில் பாராலீகல், அதாவது வழக்கறிஞரின் மேற்பார்வையில் சட்டப்பணிகளில் உதவுபவர், ஆவதற்கான சான்றிதழ்ப் படிப்பில் சேர எண்ணுபவர், கல்லூரி அறிவிக்கும் கட்டணத்தோடு பாடநூல் செலவு, கடன் வட்டி, படிப்புக்காக வேலை நேரத்தைக் குறைப்பதால் இழக்கும் ஊதியம் ஆகியவற்றையும் சேர்த்தே மொத்தச் செலவை எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் பணியகம் 2023 மே மாதத்துக்கு வெளியிட்ட, பாராலீகல்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் (பாதிப் பேர் இதைவிடக் கூடுதலாகவும் பாதிப் பேர் குறைவாகவும் பெறும் தொகை) 60,970 டாலர். விளம்பரங்களில் பளிச்சென்று தெரியும் இத்தொகை பல்லாண்டு அனுபவம் உள்ளவர்களையும் உள்ளடக்கியது என்பதால், உள்ளூர் வேலை அறிவிப்புகளில் புதியவர்களுக்குத் தரும் சம்பளத்தையே கணக்கில் எடுக்க வேண்டும்.

மணிக்கு 18 டாலர் வீதம் முழுநேரம் உழைப்பவரின் ஆண்டு வருமானம் 37,440 டாலர். அவருக்கு 45,000 டாலரில் வேலை கிடைத்தால் கூடுதல் வரவு 7,560 டாலர்; வரி போக 6,000 மிஞ்சுவதாகக் கொண்டால், 9,000 டாலர் செலவு மீள ஒன்றரை ஆண்டாகும். வேலை தேடும் மாதங்களையும் இதனுடன் கூட்டுங்கள். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

கலிபோர்னியாவில் பாராலீகல் தகுதியைச் சட்டமே வரையறுக்கிறது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் அங்கீகரித்த படிப்பின் சான்றிதழ் அதற்கான வழிகளுள் ஒன்று. இளநிலைப் பட்டத்துடன் வழக்கறிஞரின் மேற்பார்வையில் ஓராண்டு சட்டப்பணி செய்து, அவரது எழுத்துப்பூர்வ உறுதிமொழி பெறுவது இன்னொன்று. ஆகவே, ஏற்கெனவே சட்ட அலுவலகத்தில் பணிபுரியும் பட்டதாரி, கட்டணம் செலுத்துமுன் தம் மேலாளரிடம் இதைக் கேட்டறிவது நல்லது.